தோப்பு வீட்டுக்கு நெட்: ஆன்டெனாவா, வெளி ரூட்டரா, சிம்மை மாற்றுவதா?

சின்னமனூரிலிருந்து உத்தமபாளையம் போகும் ரோட்டை விட்டு இரண்டரை கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது என் அக்கா வீடு. மூன்று பக்கம் தென்னந்தோப்பு, ஒரு பக்கம் திராட்சைப் பந்தல், மேற்கே நிமிர்ந்தால் மலை. குடியிருக்க அருமையான இடம். நெட்டுக்கு மட்டும் பெரிய பாடு. அக்கா மகள் போட்டித் தேர்வுக்கு ஆன்லைனில் படிக்கிறாள், ராத்திரி ஏழு மணிக்கு வகுப்பு. "மாமா, ரெண்டு கோடு காட்டுது, ஆனா சார் மூஞ்சி அப்படியே நிக்குது. அவர் கணக்கைப் போட்டு முடிச்சப்புறம்தான் குரல் வருது" என்று ஒருநாள் போனில் சொன்னாள். ஃபைபர் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை. ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு 4ஜி சிம் ரூட்டர், அவ்வளவுதான்.

என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பூஸ்டர் வாங்கு என்றார் ஒருவர். மாடியில் ஆன்டெனா போடு என்றார் இன்னொருவர். வேறு கம்பெனிக்கு மாறிவிடு என்றார் மூன்றாமவர். 5ஜி ரூட்டர் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்றார் அக்கா வீட்டுக்காரர். இதில் பலவற்றைச் செய்து பார்த்து, ஒன்றில் காசையும் விட்டு, கடைசியில் ஒரு வழிக்கு வந்தோம். இதே நிலையில் இருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அதனால், எந்த வழி எப்போது எடுபடும், எப்போது வீண் செலவு என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

கோடுகளை நம்பாதீர்கள், எண்ணைப் பாருங்கள்

போனிலோ ரூட்டரிலோ தெரியும் கோடுகளுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. ஒரு கருவியில் மூன்று கோடு என்பது இன்னொன்றில் ஒரு கோடாக இருக்கும். உண்மையான கணக்கு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. ரூட்டரோடு இணைந்த போனில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்று அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் வந்துவிடும். சரியான முகவரி ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். சாம்சங் போன்கள் பலவற்றில் *#0011# என்று டயல் செய்தாலும், ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தாலும் இதே விவரம் வரும். அதில் இரண்டு எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர்.

ஆர்எஸ்ஆர்பி என்பது டவரின் குரல் நம் காதில் எவ்வளவு சத்தமாக விழுகிறது என்பது. எப்போதும் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 80க்கு மேல் என்றால் டவர் கூப்பிடு தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மைனஸ் 95 வரை நிம்மதி. மைனஸ் 105ஐத் தாண்டினால் தடுமாற்றம். மைனஸ் 115க்குக் கீழே போனால் இணைப்பு நிற்பதே அதிர்ஷ்டம்.

எஸ்ஐஎன்ஆர் என்பது அந்தக் குரல் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பது. திருவிழாவில் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இரண்டு மைக்செட் கட்டியிருப்பார்கள். நடுவில் நிற்பவனுக்கு இரண்டும் சத்தமாகத்தான் கேட்கும், ஆனால் ஒரு பாட்டின் வரியும் புரியாது. சத்தம் இருந்தும் தெளிவில்லாத அந்த நிலைதான், ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்தும் எஸ்ஐஎன்ஆர் மோசமாக இருப்பது. 20க்கு மேல் இருந்தால் பிரமாதம், 13க்கு மேல் நன்று, 5க்குக் கீழே வந்தால் வேகம் விழுந்துவிடும், பூஜ்யத்துக்கும் கீழே போனால் வீடியோ வகுப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

ஒரு இடத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சில ரூட்டர்கள் ஆர்எஸ்எஸ்ஐ என்று வேறொரு எண்ணைப் பெரிதாகக் காட்டும். மைனஸ் 65 என்று பார்த்ததும் சிக்னல் அருமை என்று தோன்றும். அது அந்தப் பட்டை (சிக்னல் வரும் அலைவரிசைத் தொகுப்பு, பேண்ட் என்பார்கள்) முழுவதிலும் வந்து விழும் எல்லாச் சத்தத்தின் கூட்டுத்தொகை, இரைச்சலும் அதில் சேர்த்தி. ஆர்எஸ்ஆர்பி என்பதோ ஒரே ஒரு சின்னத் துண்டின் அளவு. 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அப்படி 1,200 துண்டுகள். அதனால் இரண்டுக்கும் 30 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் இருப்பது சாதாரணம். மைனஸ் 65 என்று காட்டும் அதே இடத்தில் ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 95 ஆக இருக்கும்.

டெசிபல் கணக்கையும் ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் கடையில் யாரும் உங்களைச் சுற்றிவிட முடியாது. 3 டெசிபல் கூடினால் சக்தி இரண்டு மடங்கு. 10 கூடினால் பத்து மடங்கு. 20 கூடினால் நூறு மடங்கு. ஒரு கான்கிரீட் சுவர் மட்டுமே 10 முதல் 20 டெசிபல் வரை விழுங்கிவிடும். தகரக் கூரை அதைவிட மோசம்.

அக்கா வீட்டு ஹாலில் நான் முதல்நாள் பார்த்தது ஆர்எஸ்ஆர்பி மைனஸ் 113, எஸ்ஐஎன்ஆர் 2. அந்த இரண்டு எண்ணைப் பார்த்த பிறகுதான் எனக்கே விஷயம் பிடிபட்டது. அக்கா மகளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, காலை ஆறு மணி, மதியம், ராத்திரி எட்டு மணி என்று மூன்று நாளைக்கு எழுதச் சொன்னேன். கூடவே வேகச் சோதனை எண்ணும். அந்த ஒன்பது வரிகள் சொன்னதை எந்தக் கடைக்காரரும் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த நோட்டை இப்படிப் படிக்க வேண்டும். ஆர்எஸ்ஆர்பியும் குறைவு, எஸ்ஐஎன்ஆரும் குறைவு என்றால் தூரமும் தடுப்பும்தான் காரணம். உயரமும் ஆன்டெனாவும் உதவும். ஆர்எஸ்ஆர்பி நன்றாக இருந்து எஸ்ஐஎன்ஆர் மட்டும் குறைவு என்றால் இரண்டு டவர்களின் சத்தம் மோதுகிறது. ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனாதான் அங்கே மருந்து. இரண்டும் நன்றாக இருந்தும் ராத்திரியில் மட்டும் வேகம் படுத்துக்கொள்கிறது, விடியற்காலையில் பறக்கிறது என்றால் டவரில் கூட்டம். அதற்கு எந்த ஆன்டெனாவும் பரிகாரம் இல்லை, சிம்மையோ பட்டையையோ மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்கும் முன்னால் ஒன்று. லேப்டாப்பை ரூட்டரோடு ஒரு லேன் ஒயரில் இணைத்து வேகம் பாருங்கள். ஒயரில் நன்றாக வந்து, ரூமில் மட்டும் வரவில்லை என்றால் குறை வைஃபையில். டவர் சிக்னலே இல்லாத வீட்டுக்கு வைஃபை எக்ஸ்டெண்டரை விற்பதும், வைஃபை மட்டுமே குறைவாக உள்ள வீட்டுக்கு ஆன்டெனாவை விற்பதும் தினமும் நடக்கிறது.

செலவில்லாத வழி: இடமும் உயரமும்

ரூட்டரை டிவிக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம், ஏனென்றால் பிளக் அங்கேதான் இருக்கிறது. சிக்னலுக்கு அது பெரும்பாலும் மிக மோசமான இடம். டவர் இருக்கும் திசைச் சுவரில் உள்ள ஜன்னலோரம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். டவர் எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் மத்திய அரசின் தரங் சஞ்சார் இணையதளத்தில் வரைபடத்தில் பார்க்கலாம். செல்மேப்பர், நெட்மான்ஸ்டர் போன்ற ஆண்ட்ராய்டு செயலிகளும் போன் எந்த டவரோடு பேசுகிறது என்று காட்டும்.

நாங்கள் ரூட்டரை மாடிப்படி மேலே உள்ள சின்ன ரூமின் கிழக்கு ஜன்னலுக்கு மாற்றினோம். மைனஸ் 113 என்பது மைனஸ் 106 ஆனது, எஸ்ஐஎன்ஆர் 2லிருந்து 6. ஐந்து மடங்கு சக்தி, பைசா செலவில்லாமல். பிறகு ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுத்து, மொட்டை மாடியில் தண்ணி டேங்க் மேல் ரூட்டரைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தோம். மைனஸ் 101, எஸ்ஐஎன்ஆர் 9. மழையிலும் வெயிலிலும் அங்கே வைக்க முடியாதுதான். ஆனால் வெளியே, உயரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. எதையும் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். மாடிக்கு ஏறியும் 3 டெசிபல்கூடக் கூடவில்லை என்றால், மலையோ வேறு பெரிய தடுப்போ குறுக்கே இருக்கிறது என்று அர்த்தம். அங்கே ஆன்டெனாவில் பணத்தைப் போடுவதற்கு முன் வேறு கம்பெனி சிம்மைப் பாருங்கள்.

சிம்மை மாற்றுவதா, பட்டையை மாற்றுவதா

பெட்டிக்கடையில் வெவ்வேறு கம்பெனி ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் பார்ப்பது ஆன்டெனாவை விடச் செலவு குறைவு. மாமன் மச்சான் வீட்டுக்கு வரும்போது அவர்கள் போனை வாங்கிப் பார்த்தாலே போதும், சிம்கூட வாங்க வேண்டாம். வெறும் சிக்னலை மட்டும் பார்க்காமல் ராத்திரி எட்டு மணி வேகத்தையும் பாருங்கள். நோட்டில் கூட்ட நெரிசல்தான் காரணம் என்று தெரிந்தால் இதுவே முதல் வழி, வேறு யோசனையே தேவையில்லை.

எந்தப் பட்டையில் சிக்னல் வருகிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஏர்டெல்லுக்கு 900, 1800, 2100, 2300. பிஎஸ்என்எல் புதிதாகப் போட்ட 4ஜியில் 700, 2100 முக்கியமானவை. எண் குறையக் குறைய அலை தூரம் போகும், சுவரையும் மரத்தையும் ஓரளவு தாண்டும். எண் கூடக்கூட தூரம் குறையும், ஆனால் அங்கே பட்டையின் அகலம் பெரும்பாலும் அதிகம், அதனால் தாங்கும் கூட்டமும் அதிகம். ரோடு குறுகலாக இருந்தால் வீட்டு வாசல் வரை வந்தும் வண்டி நகராது இல்லையா, அதேதான்.

இதனால்தான் கோடு நிறைய இருந்தும் நெட் வராத நிலை. ரூட்டர் தானாகவே சத்தமாகக் கேட்கும் 850ஐப் பிடித்துக்கொள்கிறது. ஊரே அதில்தான் இருக்கிறது. சில ரூட்டர்களில் குறிப்பிட்ட பட்டையில் மட்டும் நில் என்று பூட்டிவைக்கும் வசதி உண்டு. மைனஸ் 90ல் இருந்த 850ஐ விட்டு மைனஸ் 104ல் இருந்த 2300க்கு மாற்றினால் ராத்திரி வேகம் கூடுவதை நானே பார்த்திருக்கிறேன். கம்பெனியே கொடுக்கும் பூட்டிய ரூட்டர்களில் இந்த வசதி பெரும்பாலும் இருக்காது. கடையில் வாங்கும்போது பெட்டியின் பின்னால் 5, 8, 28, 40 ஆகிய பட்டை எண்கள் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சந்தைக்குச் செய்த மலிவு ரூட்டர்களில் இவற்றில் ஒன்றிரண்டு இல்லாமல் போகும், பிறகு எந்த ஆன்டெனா போட்டும் பிரயோஜனம் இல்லை.

"என் போன்ல நல்லா வருது, ரூட்டர்ல வரலை" என்ற புகாருக்கும் இங்கேதான் விடை. கேட்டகிரி 4 என்ற மலிவு ரூட்டர் ஒரே நேரத்தில் ஒரு பட்டையை மட்டும்தான் பிடிக்கும், காகிதக் கணக்கிலேயே 150 எம்பிபிஎஸ்தான் உச்சம். நல்ல போன் இரண்டு மூன்று பட்டைகளை ஒன்றாகச் சேர்த்து இழுக்கும். கேட்டகிரி 6 அல்லது அதற்கு மேல் உள்ள ரூட்டரும் அப்படிச் செய்யும்.

5ஜி பற்றிச் சுருக்கமாக. 3300 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடும் 5ஜி டவரைக் கண்ணால் பார்க்கும் தூரத்தில் இருந்தால் அற்புதம். தோப்புக்குள் இரண்டரை கிலோமீட்டர் என்றால் அதை நம்பி ரூட்டர் வாங்க வேண்டாம். ஜியோவின் 700 மெகாஹெர்ட்ஸ் 5ஜி கிடைத்தால் அது வேறு கதை, தூரமும் போகும். முதலில் 5ஜி போன் ஒன்றை மாடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆன்டெனா: நான் காசை விட்ட இடம்

மாடியில் நல்ல எண் கிடைத்தது, ரூட்டர் ஹாலில் இருக்கிறது. மாடியில் ஆன்டெனா, கீழே ரூட்டர், நடுவில் கேபிள். யோசித்தால் சரியாகத்தான் தோன்றும். மீன் முள் மாதிரி இருக்கும் எல்பிடிஏ ஆன்டெனா, 10 டெசிபல் பலம், கூடவே 15 மீட்டர் கேபிள் என்று ஒரு செட்டை வாங்கி மாட்டினேன். ரூட்டரில் மைனஸ் 104. மேல் ரூம் ஜன்னலில் சும்மா வைத்தபோது கிடைத்தது மைனஸ் 106. வெயிலில் அரை நாள் ஏறி இறங்கி, கிடைத்தது 2 டெசிபல்.

காரணம் கேபிள். அது ஆர்ஜி-58 என்ற மெல்லிய ரகம். 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 0.7 டெசிபலை அது தின்றுவிடும். 15 மீட்டருக்கு 10 டெசிபல் போச்சு. ஆன்டெனா மேலே சம்பாதித்ததை எல்லாம் கேபிள் கீழே வருவதற்குள் செலவழித்துவிட்டது. எல்எம்ஆர்-200 என்றாலும் 7 டெசிபல் போகும். எல்எம்ஆர்-400 போட்டால் 3 டெசிபல்தான் போகும், ஆனால் அது சுண்டுவிரல் தடிமன், சட்டென்று வளையாது, விலையும் கூட. அதுவும் ஒன்று போதாது, இரண்டு இழுக்க வேண்டும்.

ஏன் இரண்டு? 4ஜி ரூட்டர் ஒரே நேரத்தில் இரண்டு தனித்தனி ஓடைகளாக டேட்டாவை வாங்கும், மைமோ என்பார்கள். டவரில் உள்ள ஆன்டெனாவில் ஒன்று வலப்பக்கம் 45 டிகிரி, இன்னொன்று இடப்பக்கம் 45 டிகிரி சாய்ந்த இரண்டு அலைகள் வரும். நம் பக்கமும் அதே மாதிரி ஒன்றை இப்படி, ஒன்றை அப்படிச் சாய்த்து வைக்க வேண்டும். ஒரே ஆன்டெனாவை மாட்டிவிட்டு இன்னொரு துளையைச் சும்மா விட்டால் சத்தம் கூடலாம், வேகம் பாதியாகிவிடும். இரண்டு எல்பிடிஏவைப் பெருக்கல் குறி மாதிரி மாட்டலாம், அல்லது இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் பேனல் ஆன்டெனா வாங்கலாம். கை பழகாதவர்களுக்குப் பேனல்தான் நல்லது.

கனெக்டர் விஷயத்திலும் கவனம் வேண்டும். ரூட்டரில் சிம் ஆன்டெனாவுக்கு எஸ்எம்ஏ, வைஃபை ஆன்டெனாவுக்குப் பெரும்பாலும் ஆர்பி-எஸ்எம்ஏ. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், மரையும் ஒன்றுதான், திருகினால் ஏறிவிடும். ஆன்டெனா கேபிளின் முனைக்குள் பாருங்கள்: நடுவில் ஊசி இருந்தால் எஸ்எம்ஏ, துளை இருந்தால் ஆர்பி-எஸ்எம்ஏ. தப்பாகத் திருகியிருந்தால் நடுவில் தொடுப்பே இருக்காது, வெளியே எல்லாம் சரியாகத் தெரியும். கைக்குள் அடங்கும் சின்ன டாங்கிள்களில் டிஎஸ்9 என்ற பொடிக் கனெக்டர், ரெண்டு தடவை இழுத்தால் ஆடிப்போகும்.

இவ்வளவு சொன்னாலும் ஆன்டெனாவை நான் ஒதுக்கவில்லை. ரூட்டருக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே 5 மீட்டருக்குள் முடியும் என்றால், அதாவது மேல்மாடி ரூமில் ரூட்டர், நேர் மேலே ஆன்டெனா என்றால், அது நல்ல வழி. இரண்டு மைக்செட் மோதும் இடத்துக்கும் இதுதான் கை கொடுக்கும். அங்கே எல்லாத் திசையும் பார்க்கும் குச்சி ஆன்டெனாவை வாங்கிவிடாதீர்கள், அது இரண்டு டவரின் சத்தத்தையும் சேர்த்தே கொண்டுவரும்.

வெளி ரூட்டர்: நாங்கள் கடைசியில் எடுத்த முடிவு

கேபிள்தான் தின்கிறது என்றால் ரூட்டரையே மேலே கொண்டுபோய்விட்டால் என்ன? அதற்கென்றே செய்த கருவி உண்டு. மழை புகாத பெட்டிக்குள் மோடமும் திசை ஆன்டெனாவும் சேர்ந்தே இருக்கும். ஆன்டெனாவுக்கும் மோடத்துக்கும் நடுவே சில சென்டிமீட்டர்தான், இழப்பு இல்லை. கீழே வருவது சாதாரண லேன் ஒயர். அதில் டேட்டாவும் கரண்டும் சேர்ந்தே போகும், பிஓஇ என்பார்கள். லேன் ஒயரில் 100 மீட்டர் வரை டேட்டா துளியும் குறையாமல் வரும். கீழே ஏற்கெனவே இருக்கும் வைஃபை ரூட்டரில் செருகினால் வேலை முடிந்தது. கம்பெனிகள் ஏர்ஃபைபர் என்று தரும் இணைப்பில் மாடியில் மாட்டும் பெட்டியும் இதே ஏற்பாடுதான்.

இன்னொரு நன்மையைப் பலரும் கவனிப்பதில்லை. டவர் பெரிய சக்தியோடு பேசும், நம் ரூட்டர் திருப்பிப் பேசுவது 200 மில்லிவாட்டில். கேட்பது கேட்டுவிடும், பதில் போய்ச் சேராது. வகுப்பில் சந்தேகம் கேட்டால் குரல் உடைவது அதனால்தான். மேலே இருக்கும் நல்ல ஆன்டெனா கேட்பதற்கும் பேசுவதற்கும் ஒரே அளவு உதவும்.

டேங்க் பக்கத்தில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பை நட்டு, தென்னை மட்டைகளுக்கு மேலே வரும் அளவுக்கு உயர்த்தினோம். டவரை நோக்கிய பார்வையில் மட்டைகள் குறுக்கே இருந்தால், அதுவும் மழையில் நனைந்த மட்டைகள், சிக்னலை நன்றாகவே குறைக்கும். அப்புறம் திசை. இங்கே அவசரப்படக் கூடாது. பெட்டியைப் பத்துப் பதினைந்து டிகிரி திருப்பி, ஒரு நிமிடம் காத்திருந்து, எண்ணைப் படித்து, எழுதி, மறுபடி திருப்ப வேண்டும். அக்கா வீட்டுக்காரர் ஏணியில், அக்கா மகள் கீழே போனோடு. "மாப்ள, போதுமா?" என்று அவர் கத்த, "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்பா" என்று அவள் பதில் சொல்ல, முக்கால் மணி நேரம் ஆனது.

அதில் ஒரு விஷயம் தெளிவானது. ஆர்எஸ்ஆர்பி மிக அதிகமாக இருந்தது சின்னமனூர்ப் பக்கம் பார்த்தபோது: மைனஸ் 89, ஆனால் எஸ்ஐஎன்ஆர் 7. கொஞ்சம் தெற்கே திருப்பி வேறொரு டவரைப் பார்த்தால் மைனஸ் 92, எஸ்ஐஎன்ஆர் 16. இரண்டாவதில்தான் நிறுத்தினோம். எந்த டவர் என்று தெரிந்துகொள்ள பிசிஐ என்ற எண்ணைக் குறித்துக்கொண்டோம், அது 0 முதல் 503க்குள் வரும். 4ஜி செல் ஐடியை 256ஆல் வகுத்தால் கிடைக்கும் முழு எண்ணும் டவரின் அடையாளம்தான். அன்று ராத்திரி வகுப்பில் 28 எம்பிபிஎஸ் வந்தது. ஹாலில் இருந்தபோது 2ஐத் தாண்டியதில்லை.

குறைகளும் உண்டு. விலை சாதாரண ரூட்டரை விடக் கூடுதல். சித்திரை வெயிலில் பெட்டி கொதிக்கும், அதனால் முடிந்தவரை கம்பத்தின் நிழல் பக்கம் மாட்டுங்கள். லேன் ஒயர் முழுச் செம்பாக, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதாக இருக்க வேண்டும். அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவு ஒயர் தூரத்தில் கரண்டைக் குறைத்துவிடும், பெட்டி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகும். பிஓஇ அடாப்டரில் 24 வோல்ட்டும் உண்டு, 48 வோல்ட்டும் உண்டு, பெட்டியோடு வந்ததை மட்டும் போடுங்கள். ஒயர் பெட்டிக்குள் நுழையும் இடத்தில் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டால் மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். உயரத்தில் இரும்புக் கம்பம் என்பதால் தனி எர்த் கட்டாயம், ஐப்பசி கார்த்திகை இடிக்கு அலட்சியம் கூடாது. இடி முழங்கினால் கீழே லேன் ஒயரைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

பூஸ்டர் வேண்டவே வேண்டாம்

வெளியே ஒரு ஆன்டெனாவில் சிக்னலை வாங்கிப் பெரிதாக்கி, வீட்டுக்குள் இன்னொரு ஆன்டெனாவில் விடும் சிக்னல் பூஸ்டர் கடைத்தெருவிலும் ஆன்லைனிலும் தாராளமாகக் கிடைக்கிறது. அதனால் அது சட்டப்படி சரி என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அதை விற்பதும் மாட்டுவதும் குற்றம். அனுமதியின்றி வைத்திருப்பதே சட்டப்படி தப்பு.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தாலும் அது நம் வேலைக்கு ஆகாது. பூஸ்டர் சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. கோடு ஐந்தும் நிறையும், எஸ்ஐஎன்ஆர் இருந்த இடத்திலேயே நிற்கும், சில நேரம் இறங்கும். மலிவான பூஸ்டர்கள் ஒரே ஓடையைத்தான் கடத்தும், மைமோ போய்விடும். எல்லாவற்றையும் விட எனக்கு வருத்தம் தரும் விஷயம் இன்னொன்று. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றை ஒன்று கேட்க ஆரம்பித்தால், மைக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர் வைத்ததுபோல ஊளையிடும். அந்த ஊளை நேராக டவரின் காதில் விழும். நம் வீட்டில் கோடு நிறைவதற்காக ஊரில் உள்ளவர்கள் 108க்குப் போட்ட கால் போகாமல் நிற்கலாம். அதை யாரும் செய்யக் கூடாது.

எந்த வீட்டுக்கு எது

ஃபைபர் வாசலுக்கு வந்துவிட்டால் யோசிக்காமல் அதை எடுங்கள். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கு டான்ஃபிநெட் கண்ணாடி இழை இழுக்கும் திட்டம் இருக்கிறது. பஞ்சாயத்து அலுவலகம் வரை வந்திருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு யார் இணைப்புத் தருகிறார்கள் என்று உள்ளூர் கேபிள்காரரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குக் கம்பம் நடும் வழி இல்லை. அவர்கள் ஜன்னல், சிம், பட்டை, நல்ல கேட்டகிரி ரூட்டர் என்ற வரிசையில் போவதுதான் சரி. டவுனில் இருந்து சிக்னல் நன்றாக இருந்தும் ராத்திரி மட்டும் இழுக்கிறது என்றால் சிம்மைத் தவிர எதற்கும் செலவு செய்யாதீர்கள். சொந்த வீடு, டவர் இரண்டு முதல் ஐந்து கிலோமீட்டர், மாடியில் ஹாலை விட 8 டெசிபலாவது கூடுதல் கிடைக்கிறது என்றால் வெளி ரூட்டர். மாடி ரூமிலேயே ரூட்டரை வைக்க முடிகிற வீட்டுக்குப் பேனல் ஆன்டெனாவும் குட்டைக் கேபிளும் போதும், ஏற்கெனவே இருக்கும் ரூட்டரே பயன்படும். மலை குறுக்கே நின்று மாடியிலும் எதுவும் கிடைக்காத வீட்டுக்கு, பக்கத்தில் சிக்னல் உள்ள உறவுக்காரர் வீட்டு மாடியில் ரூட்டரை வைத்து, அங்கிருந்து இரண்டு வெளி வைஃபைப் பெட்டிகள் மூலம் வீடு வரை கொண்டுவரலாம். நேர்ப்பார்வை இருந்தால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் அது நன்றாகவே வேலை செய்யும்.

எதை எடுத்தாலும் ரூட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று வைத்துவிடுங்கள், கரண்ட் போகும்போதுதான் வகுப்பில் முக்கியமான பாடம் ஓடும்.

கம்பம் நட்ட வருஷம் ஆடிக்காற்றில் பெட்டி கொஞ்சம் திரும்பிவிட்டது. வேகம் குறைகிறது என்று அவளுக்குத் தோன்றியதும் நோட்டை எடுத்துப் பார்த்திருக்கிறாள்: 16 இருந்த இடத்தில் 9, பிசிஐ எண்ணும் வேறு. அவளே அப்பாவை ஏணியில் ஏற்றிச் சரிசெய்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தாள். இப்போது பைப்பிலும் கிளாம்பிலும் சேர்ந்தாற்போல் சிவப்புப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறோம். காற்று அடித்து ஓய்ந்ததும் மொட்டை மாடிக்கு ஏறி, இரண்டு கோடும் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறாள்.